இரண்டாவது பிரதி எங்கே? – வீட்டுக் கணினிக்கு வெளிச் சேமிப்பகம் தெரிவு செய்தல்

தகவல் தொடர்பாடல் தொழினுட்பம் கற்பிக்கும் ஆசிரியை என்பதால் பெற்றோரிடமிருந்து எனக்கு அடிக்கடி ஒரு கேள்வி வரும். பெற்றோர் கூட்டம் முடிந்து எழும்போது, "டீச்சர், பிள்ளைட கொம்பியூட்டர்ல இடம் முடிஞ்சி போச்சாம். வெளியால மாட்டுற ஹார்ட் டிஸ்க் ஒண்டு வேணுமாம். எதை வாங்கினா நல்லம்?" என்று உம்மாமார் கேட்பார்கள். கத்தாரிலோ சவூதியிலோ தொழில் செய்யும் வாப்பாமார் அங்குள்ள கடையில் நின்றுகொண்டே வட்ஸ்அப்பில் படம் அனுப்பி, "இதைக் கொண்டு வரட்டா டீச்சர்?" என்று கேட்பதும் உண்டு. மாணவிகளோ "எத்தனை டெராபைட்?" என்ற ஒன்றை மட்டுமே கேட்பார்கள். ஒரு வரியில் பதில் சொல்லிவிடக்கூடிய விடயமல்ல இது. அதனால்தான் இக்கட்டுரையை எழுதுகிறேன்.

வெளிச் சேமிப்பகம் வாங்குவோர் இரண்டு காரணங்களுக்காக வாங்குகின்றனர். ஒன்று, கணினியில் இடம் போதாமை. மற்றது, கணினி பழுதானாலும் உள்ளே இருப்பவை அழியாமல் இருக்க வேண்டும் என்ற எண்ணம். பெரும்பாலானோர் முதலாவது காரணத்துக்காகவே கடைக்குப் போகிறார்கள். பின்னர் வருந்துவது இரண்டாவது காரணத்தை நினைத்தே.

இடம் போதாது என்று கணினியிலிருந்த படங்களை எல்லாம் வெளி வன்தட்டுக்கு மாற்றிவிட்டு, கணினியிலிருந்து அழித்துவிடுகிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பும் ஒரு பிரதிதான் இருந்தது. இப்போதும் ஒரு பிரதிதான் இருக்கிறது. முன்பு அது மேசையில் அசையாமல் இருந்த கணினியில் இருந்தது. இப்போது கைதவறி விழக்கூடிய, பையோடு தொலைந்துபோகக்கூடிய ஒரு சிறு பெட்டியில் இருக்கிறது. பணம் கொடுத்து ஆபத்தைக் கூட்டிக்கொண்டோம். ஆகவே எந்தச் சாதனம் என்று யோசிக்கும் முன், "இரண்டாவது பிரதி எங்கே இருக்கப்போகிறது?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். இனி நான் சொல்லப்போவதெல்லாம் இந்தக் கேள்வியோடு தொடர்புடையவையே.

எவ்வளவு இடம் தேவை?

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே ஒரு சிறு கணக்குப் போடலாம். இக்காலக் கைத்தொலைபேசியில் எடுக்கும் படம் ஒன்று ஏறத்தாழ 4 மெகாபைட். 10,000 படங்கள் என்றால் 40 ஜிகாபைட். காணொளி நிமிடம் ஒன்றுக்கு ஏறத்தாழ 100 மெகாபைட் எடுக்கும். 20 மணித்தியாலக் காணொளிக்கு 120 ஜிகாபைட் வேண்டும். குரல் பதிவு மிகச் சிறியது. ஒரு மணித்தியாலப் பேச்சு 60 மெகாபைட்டுக்குள் அடங்கிவிடும். பாடக் குறிப்புகள், கடந்தகால வினாத்தாள்கள், செயற்றிட்ட அறிக்கைகள், ஸ்கேன் செய்த காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ் போன்றவை எல்லாம் சேர்ந்தாலும் 10 ஜிகாபைட்டைத் தாண்டுவது அரிது. கூட்டிப் பார்த்தால் 170 ஜிகாபைட். இது ஒரு பெரிய குடும்பத்தின் பல வருடச் சேமிப்பு.

எனவே சாதாரண வீடொன்றுக்கு 500 ஜிகாபைட் போதும். பிள்ளைகள் வளர வளரக் கோப்புகளும் வளரும் என்பதால் 1 டெராபைட் வாங்கினால் பல வருடங்களுக்குத் தாராளம். 4 டெராபைட், 5 டெராபைட் என்று பெரிதாகத் தேடுவோருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஒரு பெரிய வன்தட்டுக்குப் பதிலாக இரண்டு சிறியவற்றை வாங்குங்கள். 2 டெராபைட் ஒன்றைவிட 1 டெராபைட் இரண்டின் விலை சற்றுக் கூடலாம். ஆனால் ஒன்று பழுதானாலும் மற்றது கையில் இருக்கும்.

இங்கே மாணவிகள் அடிக்கடி கேட்கும் சந்தேகம் ஒன்றையும் தீர்த்துவிடுகிறேன். 1 டெராபைட் என்று எழுதப்பட்ட வன்தட்டைக் கணினியில் மாட்டினால் 931 ஜிகாபைட் என்றே விண்டோஸ் காட்டும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று எண்ண வேண்டாம். உற்பத்தியாளர்கள் ஆயிரம் ஆயிரமாகப் பெருக்கி, ஒரு இலட்சம் கோடி பைட்டை 1 டெராபைட் என்கிறார்கள். விண்டோஸ் 1,024 ஆல் வகுத்துக் கணக்கிடுகிறது. பத்தின் அடிக்கும் இரண்டின் அடிக்கும் இடையிலான இந்த வேறுபாடு நீங்கள் வகுப்பில் படித்ததே. இதே காரணத்தால்தான் 500 ஜிகாபைட் என்பது 465 ஆகத் தோன்றுகிறது.

கடையில் இருப்பவை எவை?

முதலாவது, நாம் ஹார்ட் டிஸ்க் என்று சொல்லும் வன்தட்டு. உலகின் முதல் வன்தட்டுக் கணினியை ஐ.பி.எம். நிறுவனம் 1956 இல் அறிமுகம் செய்தது. 24 அங்குல விட்டமுள்ள 50 தட்டுகளைக் கொண்ட அந்தச் சேமிப்பகம் ஒரு தொன்னளவு நிறையுடையது. அவ்வளவு பெரிய இயந்திரத்தில் அடங்கியது 4 மெகாபைட்டுக்கும் குறைவு. நாம் மேலே கணக்குப் போட்ட தொலைபேசிப் படம் ஒன்றுக்குக்கூடப் போதாது. இன்று உள்ளங்கையில் அடங்கும் வன்தட்டும் அதே தத்துவத்தில்தான் இயங்குகிறது. காந்தப் பூச்சுள்ள தட்டு நிமிடத்துக்கு 5,400 தடவை, அதாவது செக்கனுக்கு 90 தடவை சுழல்கிறது. வாசிக்கும் முனை அதைத் தொடாமல், தலைமயிரின் தடிப்பில் ஆயிரத்தில் ஒரு பங்கிலும் குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. சுழன்றுகொண்டிருக்கும்போது மேசையிலிருந்து விழுந்தால் என்ன நடக்கும் என்பதை இனி நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் கொடுக்கும் பணத்துக்கு அதிக இடம் தருவது இன்றும் வன்தட்டே.

வெளி வன்தட்டுகளில் இரண்டு அளவுகள் உள்ளன. 2.5 அங்குலத் தட்டுள்ள சிறியது கணினியின் யூ.எஸ்.பி. துளையிலிருந்தே மின்சாரத்தைப் பெற்றுக்கொள்ளும். 3.5 அங்குலத் தட்டுள்ள பெரியதற்குச் சுவரிலிருந்து தனி மின்னிணைப்பு வேண்டும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்டில் வாழ்கிறோம். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கோப்புகள் சிதையலாம். லெப்டொப்பில் மாட்டிய சிறிய வன்தட்டு லெப்டொப்பின் மின்கலத்தில் தொடர்ந்து இயங்கும். ஆகவே வீட்டுக்குச் சிறியதே பொருத்தம்.

இரண்டாவது, எஸ்.எஸ்.டி. எனப்படும் திண்மநிலைச் சேமிப்பகம். இதில் சுழலும் பாகம் எதுவுமில்லை. மின்னேற்றமாகவே தரவு சேமிக்கப்படுகிறது. விழுந்தாலும் வன்தட்டைப் போல எளிதில் பழுதாகாது. வேகமும் பல மடங்கு கூடியது. விலைதான் அதிகம். இதிலொரு நுட்பமும் உண்டு. மின்சாரமே கொடுக்காமல் வருடக்கணக்கில் அலுமாரியில் பூட்டி வைத்தால் அந்த மின்னேற்றம் மெல்ல மெல்லக் கசிந்துவிடக்கூடும். ஆகவே அன்றாடம் கொண்டு திரிந்து வேலை செய்வோருக்கு எஸ்.எஸ்.டி. மிக நல்லது. நீண்ட காலம் தூங்க வைப்பதற்கு வன்தட்டே மலிவானதும் பொருத்தமானதும் ஆகும்.

மூன்றாவது, பென் டிரைவும் மெமரி கார்டும். இவை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கோப்பைக் கொண்டு செல்லும் வாகனங்கள். அச்சகத்துக்குச் செயற்றிட்டத்தைக் கொண்டுபோகப் பென் டிரைவ் போதும். குடும்பத்தின் படங்களை நிரந்தரமாக வைத்துக்கொள்ள அது போதாது. ஒரு பேனைமூடியின் அளவிலுள்ள பொருள் தொலைந்து போவதற்குப் பெரிய காரணம் எதுவும் தேவையில்லை.

நான்காவது, சீடியும் டீவீடீயும். சீடியில் 700 மெகாபைட், டீவீடீயில் 4.7 ஜிகாபைட் அடங்கும். புதிய லெப்டொப்கள் பலவற்றில் இவற்றை வாசிக்கும் பகுதியே இல்லை. உங்கள் வீட்டு அலுமாரியில் கல்யாண வீட்டு டீவீடீகள் இருக்குமானால், வாசிக்கும் கணினி கிடைக்கும் காலத்திலேயே அவற்றை வன்தட்டுக்கு மாற்றிவிடுங்கள். அந்த வட்டுகளும் காலப்போக்கில் பழுதடையக்கூடியவையே.

வேகம் சாதனத்தில் மட்டும் இல்லை

விலை கூடிய எஸ்.எஸ்.டி. ஒன்றை வாங்கிப் பழைய கணினியில் மாட்டிவிட்டு, "வேகமே இல்லையே டீச்சர்" என்பவர்கள் உண்டு. தண்ணீர்த் தாங்கி எவ்வளவு பெரிதாயினும் குழாயின் அளவுக்குத்தானே நீர் வரும்? 2000 ஆம் ஆண்டில் வெளிவந்த யூ.எஸ்.பி. 2.0 வழியே நடைமுறையில் செக்கனுக்கு ஏறத்தாழ 35 மெகாபைட்தான் செல்லும். 2008 இல் வெளியான யூ.எஸ்.பி. 3.0 அதனிலும் பத்து மடங்கு வேகத்துக்கு இடமளிக்கிறது. 100 ஜிகாபைட்டைப் பிரதி எடுக்கிறோம் என்றால், பழைய துளையில் முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். புதிய துளையில் வன்தட்டு என்றால் ஏறத்தாழ கால் மணித்தியாலம், எஸ்.எஸ்.டி. என்றால் நாலைந்து நிமிடம்.

கணினியின் யூ.எஸ்.பி. துளைக்குள் நீல நிறப் பிளாஸ்டிக் தெரிந்தால் அது பெரும்பாலும் 3.0. கறுப்பு அல்லது வெள்ளை என்றால் பெரும்பாலும் 2.0. வீட்டில் இருப்பது பழைய கணினி மட்டும் என்றால் எஸ்.எஸ்.டி.க்குக் கூடுதல் பணம் கொடுப்பதில் வேகத்தைப் பொறுத்தவரை பயனில்லை. இன்னொன்று, வாங்கும்போது கேபிளையும் கவனியுங்கள். சில வன்தட்டுகளுக்கு அகன்ற, தட்டையான முனையுள்ள கேபிள் வேண்டும். அது பழுதானால் எல்லாக் கடைகளிலும் உடனே கிடைக்காது. புதிய தொலைபேசிகளில் உள்ள சீ-வகை முனையுள்ளதை வாங்கினால் இந்தத் தொல்லை குறையும்.

விண்டோஸ் கணினியிலும் மெக் கணினியிலும் பாவிக்க வேண்டுமானால் வன்தட்டை எக்ஸ்ஃபாட் என்ற முறையில் வடிவமைத்துக்கொள்ளுங்கள். பழைய ஃபாட்32 முறையில் 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட தனிக்கோப்பை வைக்க முடியாது. இடம் இருந்தும் நீளமான காணொளியை ஏற்க மறுப்பது இதனாலேயே. வடிவமைத்தால் உள்ளே இருப்பவை அழியும் என்பதால், புதிதாக வாங்கிய அன்றே இதைச் செய்துவிட வேண்டும்.

மலிவென்று ஏமாற வேண்டாம்

இணையத்திலும் சந்தைகளிலும் "2 டெராபைட் பென் டிரைவ்" என்று நம்ப முடியாத விலைக்கு விற்கிறார்கள். அந்த விலைக்கு அவ்வளவு இடம் கிடைக்கவே கிடைக்காது. உள்ளே 32 அல்லது 64 ஜிகாபைட் மட்டுமே இருக்கும். ஆனால் கணினியில் மாட்டியதும் 2 டெராபைட் என்று பொய் சொல்லும்படி அதை மாற்றியமைத்திருப்பார்கள். கோப்புகளை ஏற்றும்போது எந்தத் தடையும் வராது. பெயர்களும் பட்டியலில் தெரியும். உண்மையான இடம் நிறைந்த பிறகு புதிய கோப்பு பழையதன் மேல் எழுதப்படும், அல்லது எங்குமே எழுதப்படாமல் போகும். திறந்து பார்க்கும் நாளில்தான் உண்மை தெரியவரும்.

ஆகவே நம்பிக்கையான கடையில், பற்றுச்சீட்டுடன் வாங்குங்கள். வாங்கியதும் நிறையக் கோப்புகளை ஏற்றிக் கடைசியாக ஏற்றியவற்றையும் முதலில் ஏற்றியவற்றையும் திறந்து பாருங்கள். முழு இடத்தையும் எழுதி வாசித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள்களும் உள்ளன. உத்தரவாத அட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை: மூன்று வருட உத்தரவாதம் என்பது பெட்டிக்கு மட்டுமே. பழுதானால் புதியதொரு வெற்றுப் பெட்டி கிடைக்கும். உள்ளே இருந்த பிள்ளையின் முதல் எட்டு வைத்த காணொளிக்கு யாரும் உத்தரவாதம் தருவதில்லை.

ஒரே பிரதியின் ஆபத்து

எங்கள் உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தி, அவளுடைய அனுமதியோடு இதை எழுதுகிறேன், தன் உம்மம்மா பாடிய கிராமியக் கவிகளைத் தொலைபேசியில் பதிவு செய்து லெப்டொப்பில் சேர்த்து வைத்திருந்தாள். வயல் வேலைக் கவி, தாலாட்டு, மச்சானும் மச்சியும் மாறி மாறிப் பாடும் கவி என்று பதினொரு பதிவுகள். தொலைபேசியில் இடம் வேண்டும் என்று அங்கிருந்ததை அழித்துவிட்டாள். சில மாதங்களில் லெப்டொப்பின் வன்தட்டிலிருந்து 'டிக் டிக்' என்று சத்தம் வரத் தொடங்கியது. திருத்தக் கொடுத்த இடத்தில் புதிய வன்தட்டைப் போட்டு, பழையதை எறிந்துவிட்டுத் திருப்பித் தந்தார்கள். லெப்டொப் முன்பைவிட நன்றாக வேலை செய்தது. குரல் இல்லை. அதற்குள் உம்மம்மா மௌத்தாகிவிட்டார்.

பதினொன்றில் மூன்று மட்டும் இன்று இருக்கின்றன. அவற்றை அவள் முன்பொரு நாள் கொழும்பிலிருக்கும் தன் சாச்சிக்கு வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தாள். பாதுகாக்க வேண்டும் என்று அனுப்பவில்லை. "கேட்டுப் பாருங்க சாச்சி" என்று ஆசைக்கு அனுப்பியது. அந்த மூன்றும் இரண்டாவது பிரதி இருந்ததால் பிழைத்தன. மற்ற எட்டுக்கும் பிரதி இல்லை. அந்த எட்டையும் எந்தக் கடையிலும் எந்த விலைக்கும் வாங்க முடியாது.

இது ஒரு வீட்டின் கதை. நாட்டின் கதையும் இப்படித்தான். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அச்சில் வந்த நூலை வேறிடத்தில் தேடிப் பெறலாம். ஒரே பிரதியாக இருந்த ஏட்டுச்சுவடிகளைப் பெற முடியாது. 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் சேர்த்துவரும் 'நூலகம்' இணையத்தளம், எங்கோ ஓரிடத்திலிருக்கும் நூலுக்கு இன்னொரு பிரதியை உருவாக்கும் பணியையே செய்கிறது.

கணினிக் காலத்திலும் இழப்புகள் நிற்கவில்லை. 2021 இல் தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையின் தரவுகள் 2 டெராபைட் அளவில் அழிக்கப்பட்டமை நாடெங்கும் பேசப்பட்டது. கடையில் கிடைக்கும் கையளவு வன்தட்டொன்றில் அடங்கும் அளவுதான் அது. 2023 ஓகஸ்டில் அரசாங்க மின்னஞ்சல்கள் இருந்த முறைமையைக் கப்பம் கோரும் தீம்பொருள் ஒன்று தாக்கியது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. அவ்வாண்டு மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையிலான தரவுகள் இழக்கப்பட்டன. அக்காலப் பகுதிக்குக் காப்புப் பிரதி இருக்கவில்லையா? இருந்தது. ஆனால் அதுவும் இணைப்பிலேயே இருந்ததால் சேர்ந்தே பூட்டப்பட்டது. வலையமைப்பிலிருந்து கழற்றி வைத்த பிரதி அந்த மாதங்களுக்கு இல்லை.

இதிலிருந்து வீட்டுக்கான பாடம் தெளிவானது. வெளி வன்தட்டை எப்போதும் கணினியிலேயே மாட்டி வைத்திருந்தால், கணினிக்குள் வரும் தீம்பொருள் அதற்குள்ளும் வரும். இடி மின்னலில் கணினி எரிந்தால் அதுவும் எரியும். பிரதி எடுத்து முடிந்ததும் கழற்றி வையுங்கள். கழற்றி வைத்திருப்பதுதான் அதன் பாதுகாப்பு.

மூன்று, இரண்டு, ஒன்று

புகைப்படக் கலைஞர் பீட்டர் க்ரோ பிரபலப்படுத்திய எளிய விதி ஒன்று உண்டு. 3-2-1 விதி என்பார்கள். முக்கியமான எதற்கும் மூன்று பிரதிகள் இருக்க வேண்டும். அவை இரண்டு வகைச் சாதனங்களில் இருக்க வேண்டும். ஒன்றாவது வேறிடத்தில் இருக்க வேண்டும். கேட்கப் பெரிய நிறுவனத்துக்குரிய விதி போலத் தோன்றும். நம் வீட்டில் இதை இப்படிச் செய்யலாம்.

முதற்பிரதி கணினியில். இரண்டாவது, வீட்டு அலுமாரியில் கழற்றி வைத்த வெளி வன்தட்டில். மூன்றாவது, இன்னொரு வன்தட்டில், ராத்தாவின் வீட்டிலோ மாமியின் வீட்டிலோ. 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது கரையோரத்து வீடுகளில் அல்பங்களும் சான்றிதழ்களும் கணினிகளும் ஒன்றாகவே போயின. ஒரே அலுமாரியில் மூன்று பிரதி வைப்பதும் ஒரு பிரதி வைப்பதும் வெள்ளத்துக்கு ஒன்றுதான். அடுத்த தெருவைவிட அடுத்த ஊர் நல்லது. நீங்கள் அவர்களுடைய வன்தட்டை வைத்திருங்கள். அவர்கள் உங்களுடையதை வைத்திருக்கட்டும்.

இரண்டு வன்தட்டு வாங்க வசதியில்லாதவர்கள் கவலைப்பட வேண்டாம். மூன்றாவது பிரதிக்கு இணையச் சேமிப்பைப் பாவிக்கலாம். கூகுள் கணக்கொன்றுக்கு 15 ஜிகாபைட் இலவசமாகக் கிடைக்கிறது. மின்னஞ்சல், படங்கள், ஏனைய கோப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து அவ்வளவுதான். எல்லாம் அடங்காது. ஆனால் காணி உறுதி, சான்றிதழ்கள், செயற்றிட்டங்கள், குரல் பதிவுகள், தெரிந்தெடுத்த ஆயிரம் படங்கள் அடங்கும். ஒன்றை மறக்க வேண்டாம்: கணினியும் இணையமும் ஒத்திசைந்து இயங்கும்படி வைத்திருந்தால், கணினியில் அழித்தது அங்கும் அழியும். கூகுள் டிரைவின் குப்பைத் தொட்டியில் 30 நாள் இருக்கும், பிறகு மீளாது. ஆகவே இணையச் சேமிப்பு வன்தட்டுக்குத் துணையாகவே இருக்கட்டும்.

அந்தரங்கம் பற்றி

பிள்ளைகளின் படங்கள், வீட்டு வைபவங்கள், அடையாள அட்டைப் பிரதிகள் எல்லாம் இருக்கும் பெட்டி அந்நியர் கைக்குப் போனால் என்ன செய்வது என்று பெற்றோர் பலர் தயங்குகிறார்கள். நியாயமான தயக்கம். அதற்கும் வழி உண்டு. வன்தட்டு முழுவதையும் கடவுச்சொல்லால் பூட்டிவிடலாம். விண்டோஸின் சில பதிப்புகளில் பிட்லொக்கர் என்ற வசதி இதற்கென்றே உள்ளது. வெராகிரிப்ட் என்ற இலவச மென்பொருளும் இதைச் செய்யும். பூட்டிய வன்தட்டு தொலைந்தாலும் எடுத்தவரால் உள்ளே பார்க்க முடியாது. ஆனால் கடவுச்சொல் மறந்தால் உங்களாலும் முடியாது. அதை ஒரு தாளில் எழுதி, காணி உறுதி இருக்கும் இடத்தில் உம்மாவிடம் கொடுத்து வையுங்கள்.

அழித்துவிட்டோம் என்று நம்பிப் பழைய வன்தட்டையோ மெமரி கார்டையோ விற்காதீர்கள். சாதாரணமாக அழிக்கும்போது பட்டியலிலிருந்து பெயர் மட்டுமே நீங்குகிறது. அதன் மேல் வேறொன்று எழுதப்படும் வரை உள்ளடக்கம் அங்கேயே கிடக்கலாம். மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன. கணினியைத் திருத்தக் கொடுக்கும்போது, முடிந்தால் படங்களை முன்கூட்டியே வெளி வன்தட்டுகளுக்குப் பிரதி எடுத்துக் கணினியிலிருந்து நீக்கிக் கொடுங்கள். பழைய வன்தட்டை மாற்றினால், பழையதைத் திருப்பித் தரும்படி கட்டாயம் கேட்டு வாங்குங்கள். அது உங்களுடைய பொருள்.

பராமரிப்பு

கடற்கரையோர ஊர்களில் ஈரமும் உப்புக் காற்றும் அதிகம். மூடி இறுக்கமான ஒரு டப்பாவில், புதிய சப்பாத்துப் பெட்டிகளில் வரும் சிறு ஈரமுறிஞ்சிப் பைகளையும் போட்டு வன்தட்டை வையுங்கள். கழற்றும் முன் 'பாதுகாப்பாக நீக்கு' என்ற கட்டளையைக் கொடுங்கள். திரையில் பிரதி முடிந்ததாகத் தெரிந்தாலும் கடைசிப் பகுதி இன்னும் எழுதப்பட்டுக்கொண்டிருக்கலாம். வன்தட்டு சுழலும்போது நகர்த்தாதீர்கள். வாங்கிய திகதியைச் சிறு தாளில் எழுதி ஒட்டுங்கள். ஐந்து வருடம் தாண்டியதை நம்பி ஒரே பிரதியாக எதையும் வைக்காதீர்கள்.

வழமைக்கு மாறாக 'டிக் டிக்' சத்தம் வந்தால் உடனே நிறுத்துங்கள். மீண்டும் மீண்டும் மாட்டிப் பார்ப்பதும், தட்டிப் பார்ப்பதும் மிஞ்சியிருப்பதையும் அழித்துவிடும். தரவு மீட்கும் இடங்கள் உள்ளன. ஆனால் அதற்காகும் செலவு புதிய வன்தட்டுகள் பலவற்றின் விலையைத் தாண்டலாம். மீளும் என்ற உறுதியும் இல்லை.

எப்போது செய்வது?

மாணவிகளே, நமது பாடசாலை ஆண்டுக்கு மூன்று தவணைகள் உண்டு. ஒவ்வொரு தவணை விடுமுறையின் முதல் நாளையும் இதற்கென ஒதுக்குங்கள். அலுமாரியிலிருந்து வன்தட்டை எடுத்து, அந்தத் தவணையில் சேர்ந்தவற்றைப் பிரதி எடுத்து, நாலைந்து கோப்புகளைத் திறந்து சரிபார்த்துக் கழற்றி வையுங்கள். திறந்து பார்க்காத பிரதியை இருப்பதாகக் கணக்கெடுக்க முடியாது. பெருநாளைக்கு மாமி வீட்டுக்குப் போகும்போது அங்குள்ள வன்தட்டையும் புதுப்பித்துக்கொள்ளலாம். ஒரு வருடத்தில் இதற்குச் செலவாவது சில மணித்தியாலங்களே.

பெற்றோர்களே, பிள்ளை அடுத்த முறை "இடம் முடிஞ்சி போச்சு" என்று சொல்லும்போது, 1 டெராபைட் அளவுள்ள சிறிய வன்தட்டு இரண்டை வாங்கிக் கொடுங்கள். இரண்டுக்கு வசதியில்லையென்றால் ஒன்றை வாங்கி, கணினியிலுள்ளதை அழிக்காமல் பிரதி மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் அவர்கள் சொல்லும் கதைகளையும் பாடும் கவிகளையும் பதிவு செய்யச் சொல்லுங்கள். ஒரு மணித்தியாலக் குரலுக்கு 60 மெகாபைட்தான் வேண்டும். அதற்கு வீட்டிலுள்ள எந்தக் கணினியிலும் இடம் இருக்கும். இரண்டாவது பிரதிக்கு இடம் ஒதுக்குவதுதான் நமது பொறுப்பு.